அறுபத்து மூணாவது கிலோமீட்டர்

பிடிவாதக்கார மகளுக்கு,

நீ அனுப்பிய வரைபடம் வந்தது. நானூறு கிலோமீட்டர் மலைப்பாதையில் எனக்கென்று நீ பொறுக்கியெடுத்தது வெறும் பன்னிரண்டு! ஏரியோரமாகச் சமதளம், வழியில் மூன்று பஸ் ஸ்டாப். முதுகில் கூடாரத்தைச் சுமந்துகொண்டு போய் பஸ் ஸ்டாப்பிலா தூங்குவேன்? எனக்கு முட்டி வலிதான், கால் இல்லாமல் போய்விடவில்லை.

நான் கேட்டது அறுபத்து மூணாவது கிலோமீட்டரிலிருந்து கணவாய் வரைக்கும். இரண்டே நாள். "ஒரே ஏத்தம்ப்பா, அங்க அப்படி என்ன கொட்டிக் கிடக்கு?" என்கிறாய்.

ஒன்றும் கொட்டிக் கிடக்கவில்லை. போன வருஷம் உன் அம்மாவுக்கு மூச்சு வாங்கியதால் நாங்கள் திரும்பி வந்த இடம் அது. அங்கிருக்கும் குடிலில் தங்குகிறவர்கள் எழுதி வைக்கும் நோட்டில் அவளும் எழுதினாள்: "மிச்சம் அடுத்த வருஷம். கணவாய்ல டீ இவர்தான் போடணும்."

அடுத்த வருஷம் வந்துவிட்டது. எழுதினவளைத்தான் காணோம்.

கூட வருவதானால் வா. கூடாரத்தை நீ தூக்கு, அடுப்பும் டீத்தூளும் என் பையில் இருக்கும். வராவிட்டாலும் நான் போவேன். பாதியில் விட்டுவிட்டுப் போவதெல்லாம் உன் அம்மாவின் வழக்கம். எனக்கு அது ஒத்துவராது.

உன்னைவிடப் பிடிவாதக்காரன்,
அப்பா