உன் கண்ணாடி எதிர்வீட்டுக்குப் போய்விட்டது

அன்பு மகள் ஷு-நிங்குக்கு, அம்மா எழுதுவது. இங்கே நான் சுகம், அப்பாவும் சுகம், அவருடைய கால் பெருவிரல் மட்டும் சுகமில்லை, அந்தக் கதையைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நீ அந்தக் குளிரில் காதை மூடிக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டு, நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே சிரித்துவிட்டு வைத்துவிடுவாய். நம் சான்யியில் ஒருவழியாக மழை விட்டது, மலைச்சரிவெல்லாம் துங் மரத்துப் பூ வெள்ளை வெளேரென்று உதிர்ந்து கிடக்கிறது.

உன் புது வீட்டுக்கென்று வட்ட முகக்கண்ணாடிக்குக் கற்பூர மரத்தில் சட்டம் ஒன்று செதுக்கிக்கொண்டிருந்தேன் இல்லையா, அது முடிந்தது. எதிரே நூடுல்ஸ் கடை வைத்திருக்கும் ஃபெங்-மெய் சித்தியின் பின்கட்டுத் துங் மரத்தடியில் பூப்பொறுக்கி வந்து, பக்கத்தில் வைத்துக்கொண்டு செதுக்கினேன். சிலது மலர்ந்தபடி, சிலது கவிழ்ந்தபடி, தரையில் விழுந்தது போலவே சட்டம் முழுக்கப் பூ. நானே சொல்லக் கூடாது, ஆனாலும் நன்றாக வந்திருந்தது. கடைசியாக ஒருமுறை எண்ணெய் பூசி, மழை படாத வாசல் ஆணியில் காயப் போட்டேன். எப்போதும் வெறும் சட்டத்தைத்தான் அங்கே மாட்டுவேன். இந்த முறை கண்ணாடிக்காரர் ஊருக்குப் போகிறார் என்று முன்னதாகவே கண்ணாடியைப் பொருத்தி வாங்கியிருந்தேன். பூவையே பார்த்துப் பார்த்து, நடுவில் கண்ணாடி இருப்பதே என் கண்ணில் படவில்லை. மாட்டிவிட்டு, மியாவ்லியில் உன் அத்தை வீட்டுக்கு அப்பாவோடு போய்ச் சில நாள் தங்கியும் விட்டேன். அத்தனை நாளும் அது நேரே ஃபெங்-மெய் கடை வாசலைப் பார்த்துக்கொண்டு தொங்கியிருக்கிறது. வாசலில் மாட்டிய கண்ணாடி கெட்டதை எதிர்வீட்டுக்கு அனுப்பும் என்பார்களே, நம் வீட்டுக் கெட்டதையெல்லாம் அவள் வாசலுக்குத் திருப்பிவிட்டது போல் ஆகிவிட்டது. போதாததற்கு அந்த வாரம் முழுக்க அடைமழை, கடைக்கு ஈ காக்கை வரவில்லை.

நாங்கள் திரும்பி வந்தபோது அவள் நிலைக்கு மேலே கெட்டதைத் திருப்பி அடிக்கிற எட்டுமூலைக் கண்ணாடி ஒன்று நம் வாசலைக் குறிவைத்து மாட்டியிருந்தது. அதை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்த உன் அப்பா படியில் காலை இடித்துக்கொண்டார். "பாத்தியா, வந்த உடனே வேலையைக் காட்டுது" என்று நொண்டிக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நம் கண்ணாடியை உடனே கழற்றினேன். அன்று சாயங்காலம் நான் அவளுக்குக் கொடுத்தனுப்பிய கடுகுக்கீரை ஊறுகாய்க் கிண்ணம் கழுவி வெறுமையாகத் திரும்பி வந்தது. நீ பிறந்த காலத்திலிருந்து எங்களுக்குள் வெறும் கிண்ணம் போனதும் இல்லை, வந்ததும் இல்லை.

மன்னிப்புக் கேட்கப் போனேன். தெரியாமல் நடந்தது என்றேன். "கண்ணாடி செய்யறவளுக்குக் கண்ணாடி தெரியலையாக்கா? கேக்கவே நல்லாயிருக்கு" என்றாள். இந்த வாசலில் தனக்கு ராசி போய்விட்டதாம், கடையை மூடிவிட்டுத் தைச்சுங்கில் மகன் வீட்டோடு போய்விடப் போகிறாளாம். கோபத்தில் உளறுகிறாள் என்று நினைத்தேன். மறுநாள் பார்த்தால் நாற்காலிகளை மேஜைமேல் கவிழ்த்து அடுக்கிக்கொண்டிருக்கிறாள். நீ விமானம் ஏறிய நாளிலிருந்து, அவள் கடை சாத்தியதும் மீந்த சூப்பை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து ஊர்வம்பு பேசுவதால்தான் இந்த வீட்டில் எனக்குப் பொழுது போகிறது. உன் அப்பாவிடம் என்ன பேசுவது, வானிலை அறிக்கையைத் தவிர அவருக்கு வேறு எதுவும் தெரியாது.

அதனால் உன் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு அவள் கடைக்குள் நுழைந்தேன். ஒரு மேஜையிலிருந்து நாற்காலியை இறக்கினேன், அதற்கு நேர் எதிர்ச் சுவரில் ஆணி அடித்தேன். "என்னக்கா, வீட்டுக்குள்ளயே கொண்டாந்து மாட்டறியா?" என்று சண்டைக்கு வந்தாள். "சாப்பாட்டு மேஜை கண்ணாடியில தெரிஞ்சா சோறு ரெட்டிப்பாகும்னு என் கல்யாணத்துல சொன்னது யாரு? போய் ஒரு கிண்ணம் நூடுல்ஸ் கொண்டா, பாக்கலாம்" என்றேன். முணுமுணுத்துக்கொண்டே கொண்டுவந்து வைத்தாள். கண்ணாடியில் இரண்டு கிண்ணம், இரண்டிலும் ஆவி. கண்ணாடிக்குக் கிட்டே வந்து எட்டிப் பார்த்தாள். பிறகு கவிழ்ந்த பூ ஒன்றை விரலால் தடவி, "இது என் மரத்துப் பூவாச்சே" என்றாள். அப்புறம்தான் நினைவு வந்து, "ஐயோ, ஷு-நிங்குக்குச் செஞ்சதில்லையா இது?" என்று பதறினாள். "அவளுக்கு வேற செஞ்சுக்கலாம், உன்னை எங்க போய்ச் செய்யறது?" என்றேன். மேஜைத் துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வெங்காயம் நறுக்கினேன் என்றாள். எட்டுமூலைக் கண்ணாடியை உன் அப்பாவே ஏணி போட்டுக் கழற்றினார், விரல் வலியோடுதான். இப்போது பூப்பார்க்க வருகிற கூட்டமெல்லாம் அந்தக் கண்ணாடி முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு, அங்கேயே சாப்பிட்டும் போகிறது. நேற்று கிண்ணம் நிறைய அரிசிமாவு உருண்டை வந்தது.

கோபித்துக்கொள்ளாதே கண்ணு. உனக்கு வேறு கட்டை எடுத்துவிட்டேன், பூவுக்குக் குறைவில்லை. சித்திக்கு ஒரு போன் போட்டு உனக்கு வருத்தமில்லை என்று நீயே சொல்லிவிடு, இல்லாவிட்டால் அவள் தூங்கமாட்டாள். மலைக்கோயில் அம்மன் உனக்கு நல்ல உடம்பும் நிம்மதியான தூக்கமும் தரட்டும். ஒன்று மட்டும் மறக்காதே, கண்ணாடி வந்ததும் கட்டிலுக்கு எதிரே மாட்டாதே, யார் வீட்டு வாசலுக்கு எதிரேயும் மாட்டாதே. சாப்பிடுகிற இடத்துக்கு எதிரே மாட்டு. சமையல்மேடையில் நின்றபடியே தனியாகச் சாப்பிடுகிறாய் என்பது எனக்குத் தெரியும். இனி உட்கார்ந்து சாப்பிடு. எதிரே ஒருத்தி உன்னோடு உட்கார்ந்து சாப்பிடுவாள், பார்த்தால் கொஞ்சம் என் ஜாடை தெரியும்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்
அம்மா