செத்தவர் பேரில் போட்ட ஓட்டு

உறுவையாறு, சனிக்கிழமை இரவு. நான் சொல்ல மருமகள் எழுதுகிறாள்.

நாளை பேரனுக்கு ஞானஸ்நானம். ஞானத்தகப்பனாக நிற்க நாங்களே கேட்டிருந்த பக்கத்து வீட்டுச் சவரியை இன்று வேண்டாம் என்றேன். போன தேர்தலில் செத்த மாமன் பேரில் ஓட்டுப் போட்டவன் அவன். தலை குனிந்து போனான்.

பாவசங்கீர்த்தனத்திலும் இதையே சொன்னேன். சாமியார் எரிந்து விழுந்தார். "அவன் பாவத்தை அவன் சொல்லுவான். உம்முடையதைச் சொல்லும்."

"ஒண்ணும் ஞாபகமில்ல சாமி."

வீட்டுக்கு வந்தால், இதை எழுதும் இவள் விடவில்லை. "செத்த உங்க தம்பி, சின்ன மாமா பேர்ல நீங்களுந்தான போட்டீங்க, மாமா?"

"கட்சிக்காரன் இழுத்துனு போனான்டி."

"சவரி அண்ணன மட்டும் பல்லக்குலயா தூக்கினு போனாங்க?"

ஒரே எரிச்சல். இருபது வருஷத்துக்கு முன் எவன் எந்த வரப்பை வெட்டினான் என்று சொல்வேன். இது எப்படி மறந்தது?

விடிந்ததும் முதலில் சாமியார், அப்புறம் சவரி வீடு. இரண்டில் எது கஷ்டம் என்று தெரியவில்லை.