சப்போரோ மணிக்கூடும் எங்கள் வீட்டு ஆணியும்

சனி, ஒக். 5. பார்க்கிங், லண்டன்.

மழை. பெட்டி மூட மறுக்கிறது. அம்மாவின் மிக்சர், பருத்தித்துறை வடை, இன்னொரு மிக்சர். நாளை அம்மாவும் நானும் ஜப்பானுக்கு. என் லீவு, என் சம்பளம்!

வழியனுப்ப குரோய்டனிலிருந்து மாமி. வந்ததும் கண் சுவருக்கு. நான் பாஸ் பண்ணிய அன்று, பட்டமளிப்புப் படத்துக்கென்று அப்பா அடித்த ஆணி. கொரோனா வருடம்; விழா இல்லை. இப்போது அதில் கடைக் கலண்டர்.

"தபாலிலை வந்த பட்டம்தானே, பிள்ளை."

மாமியின் மூன்று பிள்ளைகளும் அவர் வீட்டுச் சுவரில், பட்டமளிப்புக் கவுனோடு. வழக்கம்போல் கப் கழுவப் போனேன். இந்த வீட்டின் முதல் பட்டதாரி.

புதன், ஒக். 9. சப்போரோ.

வெயில், ஆனால் கை விறைக்கிறது. காலையில் மணிக்கூட்டுக் கோபுரம். உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே வெள்ளைப் பலகை வீடு, உச்சியில் குட்டிக் கோபுரம்.

"இதுக்கோ இவ்வளவு தூரம் வந்தனாங்கள்? எங்கட பார்க்கிங் டவுன் ஹோல் மணிக்கூடு இதைவிட உயரம்."

"மெதுவா, அம்மா."

"ஆருக்கு விளங்கப்போகுது?"

மாடியில் மண்டபம். உட்கார நீள வாங்குகள், முன்னால் மேடை. ஒரு காலத்தில் கல்லூரி மண்டபமாம், பட்டமளிப்பும் இங்கேதானாம். அம்மாவுக்கு வாசித்துச் சொன்னேன். அவர் மேடையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அப்ப ஏன் நிக்கிறாய்? ஏறு."

"ஆக்கள் இருக்கினம்."

"விழா எண்டால் ஆக்கள் வேணும்தானே."

அம்மா எடுத்தால் படத்தில் விரல்தான் விழும். யாரையாவது கேட்க வேண்டும். நானா கேட்பது! முன்வாங்கில் ஒரு பெண். "எக்ஸ்கியூஸ் மீ" என்றது எனக்கே கேட்கவில்லை. அந்த நேரம் பார்த்துத் தலைக்கு மேலே மணி. பதினொரு மணி; பதினொரு தடவை அடித்து ஓயவேண்டும். கத்தினால்தான் உண்டு.

கத்தினேன். ஆங்கிலத்தில். "என் பட்டமளிப்புப் படம், பிளீஸ்!"

மண்டபமே திரும்பியது. குளிருக்குப் போட்ட மழைக்கோட்டோடு ஏறி நின்றேன். அந்தப் பெண் படம் எடுத்துவிட்டுக் கை தட்டினார். பிறகு எல்லோரும். அம்மா மிக்சர் பையைத் திறக்கப் போனார், தடுத்தேன்.

சிரிப்பு இன்னும் நிற்கவில்லை.

ஞாயிறு, ஒக். 20. பார்க்கிங்.

தூறல். படம் பெரிதாக, சட்டத்தோடு. கலண்டர் சமையலறைக்கு. அப்பா ஆணியை ஆட்டிப் பார்த்தார். "இறுக்கமாத்தான் இருக்கு." மாட்டினார்.

மாலை, மாமி. தேத்தண்ணி குடித்து முடித்துத்தான் நிமிர்ந்து பார்த்தார்.

"உதென்ன, மழைக்கோட்டோட? கவுன் எங்கை?"

அப்பா டிவி சத்தத்தைக் குறைத்தார். மணி ஒன்றும் அடிக்கவில்லை. ஆனாலும் சப்போரோவில் கத்திய அதே குரல் வந்தது.

"அது என்ர பட்டமளிப்பு, மாமி. இருங்கோ, முழுக்கதையும் சொல்லுறன்."

கழுவாத கப் இன்னும் சிங்க்கில்.