பாஸ் ட்ரம்முக்கு ஒரு மைக்

ஜூன் 9, திங்கள்

புது மைக்குகள் வாங்கியே ஆக வேண்டும். கிழக்கேகோட்டையில் பஸ் ஹாரன் அடித்தால் மாடியில் எங்கள் ஸ்டுடியோவில் பாட்டோடு சேர்ந்து பதிவாகிறது. இப்போதிருக்கும் கண்டென்சர் மைக்குகள் அறையிலுள்ள எல்லாவற்றையும் பொறுக்கிக்கொள்கின்றன. ட்ரம்முக்கும் கிட்டார் ஆம்புக்கும் டைனமிக் மைக்தான் சரி. எவ்வளவு சத்தத்தையும் தாங்கும், பக்கத்தில் இருப்பதை மட்டும் எடுக்கும். செல்வினும் நானும் கல்யாணத்துக்கு முன்பே சேர்ந்து தொடங்கிய ஸ்டுடியோ. ஆனால் தேர்வு என் தலையில். “நீதானே எலக்ட்ரானிக்ஸ் படிச்சவ” என்கிறார் செல்வின்.

ஸ்னேர் ட்ரம்மைக் குச்சியால் அடித்தபோதும் மகன் ஜோவின் தூங்கினான். எட்டு மாதம்.

ஜூன் 12, வியாழன்

கடைக்காரர் பார்க்கச் சொல்லி நான்கு மைக் கொடுத்துவிட்டார். ஸ்னேருக்கு உடனே முடிவாகிவிட்டது. கிட்டார் ஆம்புக்கும் அதே வகைதான். ஸ்பீக்கரின் நடுவில் வைத்தால் காதைக் குத்துகிறது. கொஞ்சம் ஓரமாகத் தள்ளினால் இதமாகிறது.

ட்ரம் வாசிக்கும் சஜின், தரையில் பாயில் கிடந்த ஜோவினைப் பார்த்துச் சிரித்தான். “சேச்சி, இவ்வளவு அடிச்சும் உறங்குகான் பாத்தீங்களா! இவன் நம்ம பேண்டுக்குள்ளவனாக்கும்.”

மாமிக்கு, செல்வினின் அம்மாவுக்கு, பெருமை. “வயித்துக்குள்ளயே கேட்டு வளந்த பிள்ளையில்லா!”

நானும் சிரித்தேன். சத்தம் எல்லை மீறி மீட்டரில் சிவப்பு விளக்கு எரிந்தது. அவன் இமை அசையவில்லை.

ஜூன் 13

செல்வினிடம் என் சந்தேகத்தைச் சொல்லிவிட்டேன்.

“சும்மா பயந்து வெப்ராளப்படாத. பாஸ் ட்ரம்முக்கு முழிக்கான்லா?”

உண்மைதான். ஸ்னேருக்கு அசையாதவன், தரையில் நிற்கும் பெரிய பாஸ் ட்ரம்முக்குத் திடுக்கிட்டு முழிக்கிறான். அப்படியானால் கேட்கிறது. கேட்கிறதுதானே?

ஜூன் 17, செவ்வாய்

பாஸ் ட்ரம் மைக்கில் ஓர் உறுமல். யாரும் அடிக்காதபோதும் இருக்கிறது. மைக்கை மாற்றிப் பார்த்தேன், அதேதான். கீழே பஸ் போகும்போது கூடுகிறது. கடைசியில் ஜோவினின் பழைய ரப்பர் ஷீட்டை மடித்து ஸ்டாண்டுக்கு அடியில் வைத்தேன். நின்றுவிட்டது. காற்றில் வந்ததே இல்லை. தரையிலிருந்து ஸ்டாண்டின் கால் வழியாக ஏறியிருக்கிறது.

தரையிலிருந்து —

அவனும் தரையில்தான் கிடக்கிறான்.

ஜூன் 18

மாமி ஜெபக்கூட்டத்துக்குப் போயிருந்தார். ஸ்டுடியோவில் சேலைத் தொட்டில் கட்டி அவனை அதில் போட்டேன்.

“பாஸ் ட்ரம் ஒண்ணு அடிங்க.”

செல்வின் காலால் மிதித்து அடித்தார். அவன் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“பலமா.”

ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

தூக்கிப் பாயில் விட்டேன். “இப்ப.”

அடித்ததும் கையை விரித்துத் திடுக்கிட்டான்.

செல்வின் மிதியிலிருந்து காலை எடுக்கவே இல்லை.

ஜூன் 19

ஒன்றும் தோன்றவில்லை. சோறு வடித்தேன். கடைக்காரர் போனில் கேட்டார், எந்த மைக் வேண்டுமென்று சொன்னேன்.

ஜூலை 3, வியாழன்

ஆஸ்பத்திரி. அவனைத் தூங்கவைத்து, தலையில் ஒயர் ஒட்டிப் பார்த்தார்கள். இரண்டு காதிலும் கேட்கும் திறன் நன்றாகவே குறைவு. ஆனால் முழுக்க இல்லாமல் இல்லை. காதுக்கு மெஷின் வைத்துப் பழக்கினால் கேட்கும், பேச்சும் வரும் என்றார் டாக்டர்.

“மாசமா இருந்தப்ப ட்ரம் முன்னால உக்காந்திருந்தேன். அதுனாலயா?”

அப்படிச் சொல்ல முடியாதாம். திரும்பவும் கேட்டேன் போலிருக்கிறது. செல்வின் என் கையைப் பிடித்தார். அழுகை வரவில்லை. வரும் வரும் என்று பார்த்தேன்.

பஸ்ஸில் பிள்ளையை அவரே மடியில் வைத்துக்கொண்டார். யாருக்கும் கொடுக்கவில்லை, எனக்கும்.

ஆகஸ்ட் 20

மெஷின் வந்துவிட்டது. பிடுங்குகிறான். வைக்கிறேன். பிடுங்குகிறான்.

செப்டம்பர் 13, சனி

ஓணம் கழிந்து முதல் ரெக்கார்டிங். மைக்குகளை நானே வைத்தேன். ஸ்னேருக்கு ஒன்று, ஆம்புக்குக் கொஞ்சம் ஓரமாக ஒன்று, ரப்பர் ஷீட்டின் மேல் பாஸ் ட்ரம்முக்கு ஒன்று. இடுப்பில் ஜோவின், இரண்டு காதிலும் மெஷினோடு. சஜின் குச்சியை ஓங்கினான். செல்வின் கையைக் காட்டித் தடுத்தார்.

“இருடே, இரு. ஜெஸ்லின், பிள்ளைய வெளிய கொண்டு போ. பயந்துருவான்.”

கொண்டு போனேன்.