இரண்டு விரல் இடைவெளி

என் இரட்டைச் சுழிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் குறையில்லாமல் இருக்கிறோம். நீயும் அங்கே கால் முதல் தலை வரை, அதிலும் தலை ரொம்பவே, நன்றாக இருக்க வேண்டும் என்பதுதான் இப்போது என் ஒரே நினைப்பு. மற்ற சேதியெல்லாம் பிறகு, முதலில் இதைச் சொல், உன் ஹெல்மெட்டுக்குள் நான் தைத்து வைத்த மெத்தையை எடுத்தாயா இல்லையா? போனில் சரிம்மா என்றாய். உன் சரிம்மாவைப் பற்றி எனக்குத் தெரியாதா, பல் தேய்ச்சியா என்று கேட்டாலும் சரிம்மா, கதவைப் பூட்டினியா என்று கேட்டாலும் சரிம்மா. அதனால்தான் வேலையைத் தள்ளி வைத்துவிட்டு எழுதுகிறேன், கடைசி வரை படி.

கம்பெனியில் கொடுத்த ஹெல்மெட் பாறாங்கல் மாதிரி கனக்குது, மத்தியானத்துக்குள்ள கழுத்து கழண்டுடும் போல இருக்கு, யாரும் பாக்காதப்ப தூண் மறைவுல கழட்டி வெச்சுடறேன் என்று நீ சொன்ன நாளிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பதினோராவது மாடியில் கம்பி கட்டுகிற இடத்தில் என் பெண் வெறும் தலையோடு நிற்கிறாளே என்று. அதனால்தான் போன தடவை நீ வந்தபோது அதைப் புரட்டிப் பார்த்தேன். உள்ளே குறுக்கும் நெடுக்குமாகப் பட்டைகள், பட்டைக்கும் மேல் ஓட்டுக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி. இருபத்தெட்டு வருஷம் தையல் மெஷினில் உட்கார்ந்தவளுக்கு அதைப் பார்த்தால் என்ன தோன்றும்? எவனோ அளவு தெரியாமல் செய்திருக்கிறான் என்றுதான் தோன்றியது. என் கையால் அப்படி ஒரு சட்டை போனால் மறுநாளே பிரித்துத் தைக்கத் திரும்பி வந்துவிடும். உன் சின்ன வயசுப் போர்வையை வெட்டி, பஞ்சு அடைத்து, ஆடாமல் அசையாமல் அந்த இடைவெளிக்குள் கச்சிதமாக வைத்துக் கொடுத்தேன். தலையணை மாதிரி இருக்கும்மா, கூட வேலை செய்யறவங்க நாலு பேர் கேக்கறாங்க என்று நீ சொன்னதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. நாலையும் தைத்து முடித்தேன்.

மெத்தை வைத்தாலும் கனம் கனம்தானே, லேசாக ஒன்று வாங்கி அனுப்பலாம் என்று போன வாரம் அப்பா சலூனை அரை நாள் அடைத்துவிட்டு என்னோடு கடைக்கு வந்தார். கையுறை, பூட்ஸ், கயிறு என்று வேலைச் சாமான் விற்கிற கடை. என்ன அளவு என்று கடைக்காரர் கேட்டார், நான் டேப்பை எடுப்பதற்குள் உன் அப்பா, ஐம்பத்தஞ்சு, பின்மண்டை கொஞ்சம் துருத்தும், ரெட்டைச் சுழி, காது மேல பட்டை உரசக் கூடாது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறார். உனக்கு அவர் முடிவெட்டி எத்தனை வருஷம் ஆச்சு! கடைக்காரரோ சிரித்துக்கொண்டே, பின்னாடி திருகு இருக்குங்க, திருகுனா எந்தத் தலைக்கும் பிடிக்கும் என்றுவிட்டார். அப்பாவுக்கு முகம் தொங்கிப்போச்சு.

நான் சும்மா இருந்திருக்கலாம். புது ஹெல்மெட்டுக்கும் சரியாக இருக்குமா பார்க்கலாம் என்று பையிலிருந்து ஒரு மெத்தையைப் பெருமையாக எடுத்து நீட்டினேன். அந்த மனுஷன் சிரிப்பை நிறுத்திவிட்டார். உள்ளே போய்க் காலிப் பூந்தொட்டி ஒன்றைக் கொண்டுவந்து கவிழ்த்தார், அதன் மேல் ஒரு ஹெல்மெட்டை மாட்டினார், ஸ்டூலில் ஏறி நின்று அரைச் செங்கல்லைப் போட்டார். பட்டையெல்லாம் ஒரு இழுப்பு இழுத்துக் கொடுத்தது, தொட்டியில் ஒரு கீறல் இல்லை. அம்மாடி! என்று என்னை அறியாமல் கத்திவிட்டேன். அந்த ஹெல்மெட்டைத் தூரப் போட்டுவிட்டு, அதே மாதிரி இன்னொன்றை எடுத்து, என் மெத்தையை உள்ளே அடைத்து, அதே கல்லை அதே உயரத்திலிருந்து போட்டார். தொட்டி இரண்டாகப் பிளந்தது. அந்த ரெண்டு விரல் சும்மா விட்ட இடம் இல்லைங்க, அடி அங்கேயே செலவாகிடணும், மண்டைக்கு வரக் கூடாது, அதை நீங்க அடைச்சா கல்லு நேரா மண்டையில விழுந்த மாதிரிதான் என்றார். அங்கிருந்தே உனக்குப் போன் போட்டேன், ஆறு தடவை அடித்தும் நீ எடுக்கவில்லை. அந்த ஆறு தடவைக்குள் என்னென்ன நினைத்தேன் என்று எழுத மாட்டேன். ஏழாவது தடவை எடுத்து, மேல வேலையா இருந்தேம்மா என்றாய்.

இன்னும் எனக்கு ஆச்சரியம் அடங்கவில்லையடி. இத்தனை வருஷம் இடைவெளியே இல்லாமல் தைப்பதுதான் வேலை என்று இருந்தேன். இங்கே ஒருத்தர் உட்கார்ந்து யோசித்து, ஒன்றுமே இல்லாத இடத்தை அளவெடுத்து வைத்து, அதை வைத்து உயிரைக் காப்பாற்றுகிறார். யார் பெற்ற பிள்ளையோ, அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும் போல இருக்கிறது.

எடையைப் பற்றிக் கேட்டதற்கு, கடையில அஞ்சு நிமிஷம் போட்டா எல்லாமே லேசாத்தான் இருக்கும், நாள் முழுக்கப் போட்டாத்தான் தெரியும் என்று மூன்றைக் கையில் கொடுத்து அனுப்பினார். நீ அங்கே போடுவதை நான் இங்கே போட்டேன், ஒவ்வொன்றும் ஒரு நாள். முதலாவது காற்று மாதிரி இருந்தது, ஆனால் ஊசி கோர்க்கக் குனிந்தால் மூக்குக்கு வந்துவிடும், நாள் முழுக்கக் குனிந்து கம்பி கட்டுகிறவளுக்கு அது எதற்கு? இரண்டாவதில் நெற்றிப்பட்டை அறுத்தது, சாயங்காலம் சிவப்பாகக் கோடு. மூன்றாவதைப் போட்டுக்கொண்டு மூன்று ரவிக்கை முடித்தேன், கடைக்குப் போய் நூல் வாங்கினேன், வழியில் எதிர்வீட்டுக்காரி வாயைப் பொத்திக்கொண்டு, ஏன் உங்க வீட்டுக் கூரை விழப் போகுதா என்று கேட்ட பிறகுதான் தலையில் இருப்பதே எனக்கு ஞாபகம் வந்தது. அதுதான் உனக்கு. தராசில் வைத்துப் பார்த்தேன், என் பெரிய கத்தரிக்கோலைவிடக் கனம் குறைவு! அது செங்கல்லைத் தாங்குகிறது!

தலையில் போட்டவுடன் பின்பக்கத் திருகை இறுக்கு, குனிந்து பார், விழக் கூடாது, நெற்றியில் வலிக்கவும் கூடாது. உள்ளே செய்த மாசமும் வருஷமும் அச்சடித்திருக்கிறது, பார்த்து வைத்துக்கொள், பழசானால் மாற்ற வேண்டும். ஒரு தடவை பலமாக அடி வாங்கினால் வெளியே ஒன்றும் தெரியாவிட்டாலும் தூக்கிப் போட்டுவிடு, கஞ்சத்தனம் பண்ணாதே, வேறு அனுப்புகிறேன். தூண் மறைவில் கழற்றுகிற வேலை இனி வேண்டாம். அந்த நாலு பேரிடமும் அம்மா ஏமாத்திட்டாங்க என்று சொல், பரவாயில்லை, நாலு மெத்தையும் இப்போது அடுப்பிலிருந்து சூட்டுப் பாத்திரம் இறக்குகிற துணி. உன்னுடையதை மட்டும் தூக்கி எறியாதே, உன் போர்வைதானே, படுக்கும்போது தலைக்கு வைத்துக்கொள்.

அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, சலூனுக்கு வருகிறவர்களிடமெல்லாம் ஹெல்மெட் பாடம் நடத்துகிறார், பாதி முடிவெட்டிவிட்டு நிற்கிறாராம். உன் தலைக்கு அவருடைய ஆசீர்வாதமும் என்னுடையதும். நீண்ட நாள் நன்றாக இரு, என் கண்ணே.

மறக்காதே, இந்தக் கடிதத்தைப் புது ஹெல்மெட்டின் அந்த இரண்டு விரல் இடைவெளியில்தான் மடித்து வைத்து அனுப்புகிறேன். படித்ததும் எடுத்துவிடு. அங்கே எதுவும் இருக்கக் கூடாது, நான் எழுதினதுகூட.

உன் தலையையே நினைத்துக்கொண்டிருக்கும்,
அம்மா