ஆறு ஃபேன்களுக்கு இட்ட வாய்ப்பூட்டு குறித்து

நலம் நிலவுக. இருமல் இல்லாத அவையும் தும்மல் இல்லாத தெருவும் உடைய அமைதிமண்டலத்தின் அதிபதி, முரசுத் தோலைக் கிழித்து மெத்தைக்கு உறையிட்ட பெருமான், சந்தடி தவிர்த்த நெடுங்கோ மகாராஜா அவர்களின் திருமுன்னுக்குக் காற்றுவாரியத் தலைவி வெயிலுகந்தாள் வணங்கி விடுக்கும் ஓலை. தேவரீர் குடை நிமிர்ந்து நிற்க. கொட்டாரத்துக் குதிரைகள் கனைக்காமலே கொழுக்க.

சத்தம் வேண்டும்.

தேவரீர் விளையாடும் பொழுதெல்லாம் கணினியின் ஆறு ஃபேன்களும் சுழல வேண்டும். சுழலும் சத்தம் திருச்செவியில் விழ வேண்டும். அதைத் தேவரீர் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் பதவியேற்ற அன்றே மகாமந்திரி அடக்கமாராயர் என்னைத் தூணோரம் அழைத்து, "பொன் கேளு, ஊரைக் கேளு, பல்லக்கு கேளு. ராஜா காதுல சத்தம் விழலாமான்னு மட்டும் கேட்டுடாத பொண்ணே" என்று எச்சரித்தார். கேட்டுவிட்டேன்.

இவ்வோலையைத் தேவரீரே படித்தருள்க. அவையில் ஓலை வாசிப்பவர் மரபு கருதி உதட்டை மட்டும் அசைத்துவிட்டு அமர்ந்துவிடுவார். இதற்குமுன் நான் விடுத்தவை அனைத்தும் அப்படித்தான் வாசிக்கப்பட்டன, தேவரீரும் தலையசைத்தீர்.

இக்கணினி அரண்மனையில் பிறந்ததன்று. இரவெல்லாம் தேவரீரின் தெற்கு வாயிலைக் காத்துவிட்டுப் பகலில் உறங்கும் காவலர் ஒண்டிமுத்துவின் ஒற்றையறை வீட்டில், அவர் கால்மாட்டில், அவர் மகளாகிய நான் பழைய உதிரிகளைத் தேடித் தேடிப் பூட்டியது. எங்கள் குடியில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். படித்ததைச் செய்து பார்க்க எனக்கு இருந்த கூடம் அந்த ஒரே அறைதான். ஃபேன் அலறினால் அப்பா விழித்துவிடுவார். அலறாமல் நிறுத்தினால் கணினி கொதித்து அணைந்துவிடும். இரண்டுக்கும் நடுவில் வழி கண்டேன். கீச்சிட்டுச் சுழலும் சின்ன ஃபேன்களைக் கழற்றிவிட்டுப் பெரியவற்றை மெதுவாகச் சுழலவிட்டேன். அதே காற்று, பாதிச் சத்தம். அதிர்வு தகரப் பெட்டியில் ஏறாதபடி திருகாணிக்கு அடியில் ரப்பர் வைத்தேன். சூடு ஏற ஏற வேகமும் கொஞ்சம் கொஞ்சமாய் ஏறும்படி, திடீரென்று கத்தாதபடி, பழக்கினேன். எஞ்சியது உறங்கும் மனிதரின் மூச்சளவு. மகாமந்திரியார் நண்பகல் அவையில் விடும் குறட்டையில் கால்பங்குகூட வராது. அப்பா அதற்கு எவ்வளவு பழகினார் என்றால், அது நின்றால்தான் "என்ன தாயி, கரண்டு போயிருச்சா?" என்று எழுந்து உட்காருவார்.

இதைக் கேள்வியுற்றுத் தேவரீர் பல்லக்கு அனுப்பி வரவழைத்தீர். பல்லக்கில் கணினி வந்தது. நான் பின்னால் நடந்து வந்தேன்.

வந்த அன்றே அடக்கமாராயர் செப்பேடு வெட்டினார். அரசர் பேசுமுன் திருமுன்னில் எவரும் வாய் திறவாமை மரபு என்றும், ஃபேனும் அரண்மனை ஊழியமே என்றும், ஆகவே அரசர் வாய் திறக்கும்வரை அதுவும் அசையாது நிற்கக்கடவது என்றும், அரசர் எழுந்து சென்றபின் ஆசை தீரச் சுழலலாம் என்றும் அதில் கண்டது. அதன்படி ஃபேன்களுக்கு மட்டும் தனிச் சுவிட்ச் வைத்து, அதற்கு ஓர் ஆளையும் நிறுத்தினார்கள்; கணினி வேலை செய்கையில் ஃபேன்கள் கைகட்டி நின்றன. வேலை முடிந்து குளிர்ந்த பெட்டிக்கு ஆறும் சேர்ந்து காற்று வீசின.

அப்பால் சூட்டை என் வாரியத்திலிருந்து பிடுங்கி அரண்மனை வைத்தியர் சீதளநாதர் கையில் கொடுத்தார்கள். அவர் கணினிக்கு நாடி பார்த்தார். பித்தம் என்றார். பிராசசருக்கும் அதன் சூட்டை வாங்கும் தகட்டுக்கும் நடுவே நான் பயறளவு வைத்திருந்த பேஸ்ட்டை வழித்தெறிந்துவிட்டு, சந்தனம் அரைத்துத் தடவினார். அது உடம்புக்குத்தான் குளிர்ச்சி, காய்ந்தால் இங்கே வெறும் மரத்தூள், சூட்டைக் கடத்தாது என்று விண்ணப்பித்தேன். "சந்தனத்துக்கே குளிர்ச்சி இல்லன்னு சொன்ன முதல் ஆளு நீதாம்மா. இதையெல்லாமா காலேஜ்ல சொல்லித் தர்றாங்க?" என்றார். அவை சிரித்தது. சத்தம் இல்லை; தோள்கள் மட்டும் குலுங்கின. பிறகு காற்று புகும் முகப்பில் வெட்டிவேர்த் தட்டி கட்டித் தண்ணீர் தெளிக்கக் கை ஓங்கினார். மின்சாரம் ஓடும் பெட்டி. ஓங்கிய கையைப் பிடித்தேன். பெரியவர் கையைப் பிடித்தாள் என்று எனக்குக் கண்டன ஓலை வந்தது. தட்டி அப்படியே இருந்தது.

நேற்றைய ஒத்திகையில் தேவரீர் எதிரிக் கோட்டையின் கடைசிக் கதவை உடைக்கும் தறுவாயில் திரை கறுத்தது. தேவரீரின் வீரம் கண்டு கணினி நாணிக் கண்மூடியதாக அடக்கமாராயர் விளக்கினார். நாணமும் இல்லை ஒன்றும் இல்லை, வெந்து அணைந்தது. அறையெங்கும் கருவறைபோல் கமழ்ந்ததே, அது பிராசசர் கருகுவதற்கு முந்தைய மணம். அப்போது தேவரீர் திருவாய் மலர்ந்தருளிய சொற்கள் ஓலையில் ஏறத் தக்கன அல்ல. மதிலுக்கு வெளியே ஆட்டுமந்தை கலைந்தோடியதை மட்டும் பதிகிறேன். அரசர் வாய் திறந்துவிட்டதால் மரபுப்படி ஆறு ஃபேன்களும் உடனே சுழன்றன. யாருக்காக?

நாளை பகலில் எல்லை மாந்தோப்புக்காக வடகரை அரசரோடு ஆட்டம். தோப்பு போனால் அடுத்த ஆண்டு மறுபடி விளையாடி மீட்கலாம். கணினி வெந்தால் மீளாது. இதை இன்று அடக்கமாராயரிடம் நேரில் சொன்னேன். "ஒரு நாள் தாங்கும்ல? தாங்கலன்னா இன்னொண்ணு செஞ்சுக்க. உனக்குத்தான் கைவேலை தெரியுமே" என்றார்.

அந்தச் சொல்லோடு முடிந்தது. சந்தனத்தைச் சுரண்டித் துடைத்தேன், தட்டியை அவிழ்த்தேன், பேஸ்ட் வைத்து மூடினேன். பொழுது மறையும்வரை வாரியத்தின் முத்திரை என்னுடையது. அதற்குப்பின் பதவி எனக்கு வேண்டாம். ஆகவே இம்முத்திரையின் கடைசி ஆணைகளாவன:

பொழுது சாயக் காவலேறும் தெற்கு வாயில் காவலர் ஒண்டிமுத்து, இவ்வோலையின் படியைக் கண்டு, என்னையும் என் கணினியையும் வெளியே விடக்கடவர். அவர் ஆணைக்குப் பணிந்தவர். அவர் மேலும் அவர் வேலை மேலும் எவரும் கை வைக்கலாகாது. அவ்வாயிலின் கீல்களில் தேவரீரே பஞ்சு சுற்றி வைத்திருப்பதால் நான் போவது எவர் காதிலும் விழாது.

தோப்பு வேண்டுமெனில், தேவரீர் நாளை எங்கள் வீட்டுக்கு எழுந்தருள்க. பாய் உண்டு. ஃபேன்கள் ஓடும். அதே அறையில் அப்பா உறங்கிக்கொண்டிருப்பார். ஆகவே வென்றாலும் தோற்றாலும் தேவரீர் வாய் திறவாதிருக்கக்கடவீர்.

இது முத்திரையிட்ட ஆணை. முத்திரையை ஓலைமேலேயே வைத்துவிட்டேன். அரக்கு இன்னும் சூடாக இருக்கிறது. ஆறும்வரை நான் நிற்கப்போவதில்லை. கணினியை இடுப்பில் ஏற்றிக்கொண்டு கிளம்புகிறேன்.