ஆகப் பெரிய எழுத்து

மச்சான்,

வேன் சாவியத் தேடாதீங்க, என்ட பேக்கில இரிக்கி. புட்டும் மீன் ஆணமும் மூடி வெச்சிரிக்கன், திண்டுட்டு இரிங்க.

நேத்து கொம்பியூட்டர்ல என்ட எக்கவுண்டத் துறந்தா திரையில எல்லாம் ஊதிப் பெருத்துக் கெடந்திச்சி. ஆளுக்கொரு எக்கவுண்ட் இரிக்கக்குள்ள என்டதில ஏன் கை வெச்சீங்க எண்டு ஏசினன்.

இண்டைக்கி நீங்க சுபஹுத் தொழப் பள்ளிக்குப் போன நேரம் உங்கடதத் துறந்து பார்த்தன். உங்கடதில எழுத்து ஏற்கனவே ஆகப் பெரிய அளவில இரிக்கி. அதுவும் காணாமத்தான் திரையிட ரெசலூசனயும் குறைச்சி எல்லாத்தையும் இன்னும் பெரிசாக்கிரிக்கீங்க. அது மட்டும் ரெண்டு எக்கவுண்டுக்கும் சேத்து மாறும், மச்சான்.

கண் எப்பயிருந்து இப்பிடி? இந்தக் கண்ணோடயா யானை நிக்கிற இறக்காமம் ரோட்டால வேனோட்டி நெல்லேத்தப் போய் வந்தீங்க?

பத்து மணிக்கி என்ட தம்பி ஜுனைட் வருவான். அவனோட கண் டொக்டர்ட்டப் போங்க. வேணாம் எண்டு கதைக்காதீங்க.

பஸ்மிலா

ரெசலூசன நான் திருப்பிப் போடல்ல. என்டதும் பெரிசாவே கெடக்கட்டும்.

மார்க்கரால எழுதி நாலு தாள் முடிஞ்சிச்சி. வாசிக்க ஏலுதா எண்டு கோல் எடுங்க. வகுப்பில படிப்பிச்சிட்டு நிண்டாலும் போன் கையிலதான் இரிக்கும்.